தெருக்கோடிப் பூங்கா – வேலைக் குழு

மாடிவீட்டு அக்கா, காலை 7:05
பூங்காவாக்கப் போற நம்ம ரோட்டுக்கோடியை டேப் போட்டு அளந்தாச்சு. வளைவு தாண்டினதுல இருந்து முட்டுச்சுவர் வரைக்கும் 30 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். 210 சதுர மீட்டர் சும்மா கிடக்கு. மழைக்கு முன்னாடி தாரை உடைச்சு மரக்கன்னு வச்சிடலாமா?

சிவில் அண்ணா, 7:11
உடைக்கிறது கடைசி வேலைக்கா. முதல்ல ரெண்டு விஷயம் தெரியணும். மழைத்தண்ணி எங்க போகுது, மண்ணுக்கடியில என்ன போகுது.

சிவில் அண்ணா, 7:14
ரோட்டுக்கு நடுவுல மேடு, ரெண்டு ஓரமும் இறக்கம். நூத்துக்கு 2 முதல் 2.5 வாட்டம் வச்சிருப்பாங்க. 7 மீட்டர் ரோட்டுல நடுப்பகுதி ஓரத்தைவிட 7–9 செ.மீ. உசரம். அந்த ஓரம்தான் தண்ணி ஓடுற வாய்க்கால். 50 மி.மீ. மழை பெஞ்சா அந்த இடத்துல மட்டும் 10,500 லிட்டர் விழும். செடித்தொட்டியை ஓரக்கல்லோட ஒட்டிக் கட்டினா அவ்வளவும் வாசப்படி ஏறும். 30 செ.மீ. இடைவெளி விட்டே ஆகணும். அந்த இடைவெளியை வாரம் ஒருதடவை கூட்டணும், இலை அடைச்சா விட்டும் பிரயோஜனமில்ல.

கடைசி வீட்டு சார், 7:20
வாட்டம் எந்தப் பக்கம்னு பார்வையில தெரியலையே. சில இடத்துல பள்ளமும் விழுந்திருக்கு.

சிவில் அண்ணா, 7:23
பார்வையை நம்பாதீங்க சார். ரோடு காஞ்சிருக்கும்போது நடுவுல ஒரு வாளி தண்ணியை மெதுவா ஊத்துங்க. தண்ணியோட நாக்கு நீளுற பக்கமா சாக்பீஸால கோடு இழுத்துக்கிட்டே போங்க. 5 மீட்டருக்கு ஒரு இடத்துல இப்படி. தேங்குற பள்ளத்தைச் சுத்தி வட்டம் போடுங்க. அந்த வட்டத்துல பெஞ்சும் வேண்டாம், நடைபாதையும் வேண்டாம். செடித்தொட்டியும் அங்க வேண்டாம், வேர் அழுகும். டியூப் லெவல், அதாவது தண்ணி நிரப்பி மட்டம் பார்க்குற குழாய், பிடிச்சா எவ்வளவு செ.மீ. பள்ளம்னும் தெரிஞ்சிடும்.

வக்கீல் அக்கா, 7:31
ரோடு பொது நிலம், யாரும் போகலைன்னாலும் நம்ம இடம் ஆகாது. தற்காலிக உபயோகத்துக்கு அனுமதி வேற, ரோட்டை நிரந்தரமா மூடுறது வேற. முதல்ல தற்காலிகம் கேளுங்க. மனுவோட ஒரு வரைபடம், ஒரு வாரம் காலை மாலை எண்ணின வண்டிக் கணக்கு, அந்த ஓரத்து வீட்டுக்காரங்க கையெழுத்து. அதைவிட முக்கியம், தண்ணி யார் ஊத்துவாங்க, விளக்குக் கட்டணம் யாரு, யாராவது தடுக்கி விழுந்தா யார் பொறுப்புன்னு எழுத்துல இருக்கணும். திறப்பு நாள் நல்லா இருந்துட்டு ரெண்டாவது கோடைல செடி காஞ்சு போற இடமெல்லாம் இந்த ஒரு தாளை எழுதாத இடம்தான்.

கடைசி வீட்டு சார், 7:36
என் கேட்டும் 4ஆம் நம்பர் கேட்டும் அங்கதான் திறக்குது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி?

சிவில் அண்ணா, 7:41
ஒரு பக்கமா 4 மீட்டர் அகலம் முழு நீளத்துக்கும் காலியா விடணும். அதுதான் நடைபாதை, பிள்ளைங்க ஓடுறதும் அங்கதான். கட்டினது எதுவும் அதுக்குள்ள வரக்கூடாது, மரக்கிளையும் தாழ்ந்து தொங்கக் கூடாது. எவ்வளவு அகலம், எவ்வளவு உசரம்னு தீயணைப்பு நிலையத்துல கேட்டு வரைபடத்துல குறிச்சுக்கணும். பூங்கா வாசல்ல கழட்டுற மாதிரி தடுப்புத்தூண். தூணுக்கும் தூணுக்கும் நடுவுல 1.2 முதல் 1.5 மீட்டர். சக்கர நாற்காலி நுழையும், கார் நுழையாது. சாவி ஒரே வீட்டுல இருந்தா ஆபத்து, மூணு வீட்டுல இருக்கட்டும்.

மாடிவீட்டு அக்கா, 7:44
அப்ப மிச்சம் 3 மீட்டர்தானா?

சிவில் அண்ணா, 7:46
3 மீட்டர், அதுல ஓரக்கல் இடைவெளி போக 2.7. அதுல 1 மீட்டர் அகலத் தொட்டி, முன்னாடி பெஞ்சு, கால் நீட்ட இடம். தாராளமா போதும்.

நர்சரி அக்கா, 7:52
தொட்டிக் கணக்கு நான் சொல்றேன். 3 மீ × 1 மீ × 45 செ.மீ. உசரம்னா 1.35 கன மீட்டர் மண். மண் அமுங்கும், அதனால 1.6 வாங்குங்க. தோட்டமண் 2 பங்கு, மக்கின உரம் 1, பருமணல் 1. நனைஞ்சா ஒரு தொட்டி மண்ணே 2 டன்னுக்கு மேல வரும், கட்டின பிறகு நகர்த்தவே முடியாது. அடியில அரை மீட்டருக்கு ஒரு கசிவுத் துளை, உள்பக்கம் ஜல்லி போட்டு மேல வலைத்துணி. துளை இல்லாத தொட்டி முதல் மழையிலேயே குளம்.

நர்சரி அக்கா, 7:58
மரம் மட்டும் தொட்டியில வேண்டாம், தரையில வைக்கணும். அதுக்கு மட்டும் தாரை வெட்டுங்க. தாருக்குக் கீழ கெட்டியா உருட்டின ஜல்லி இருக்கும், கடப்பாறை போட்டா டங்குனு சத்தம் வரும். அதை முழுசா எடுக்காம கன்னு வச்சா வேர் அந்தக் குழிக்குள்ளயே சுத்திச் சுத்தி நின்னுடும். குறைஞ்சது 1.2 மீட்டர் சதுரம், 1 மீட்டர் ஆழம். குழி பெருசாகப் பெருசாக மரத்துக்கு நல்லது. தார்த்துண்டும் சிமென்ட் கட்டியும் திரும்ப உள்ள விழக்கூடாது.

நர்சரி அக்கா, 8:00
வெட்டினதும் சோதனை: குழியடியில 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி. தண்ணி நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்பி அளங்க. மணிக்கு 2.5 செ.மீ. இறங்கினா நல்லது. 1 செ.மீ.க்குக் கீழன்னா அங்க மரம் வேண்டாம். ஆல், அரசு வகை எதுவும் வேண்டவே வேண்டாம், குழாய் மூட்டுல கசிவு இருந்தா வேர் தேடிப் போய் உள்ள நுழைஞ்சிடும்.

சிவில் அண்ணா, 8:04
குழிக்கு முன்னாடி குடிநீர், கழிவுநீர், மின்கேபிள் மூணு துறையிலயும் வரைபடம் கேட்டு வாங்கணும். வரைபடத்துல இருக்கிற இடத்துல குழாய் இருக்கும்னு உறுதி இல்ல. அதனால முதல்ல கையால ஒரு சோதனைக்குழி, இயந்திரம் கூடாது. மேன்ஹோலைச் சுத்தி 1.5 மீட்டர் காலியா விடுங்க. குழாய்ல இருந்து மரம் 2–3 மீட்டர் தள்ளி.

குட்டித் தம்பி, 8:10
அண்ணா, இதுக்கெல்லாம் மாசக்கணக்கு ஆகுமே. அதுவரைக்கும்?

சிவில் அண்ணா, 8:15
அதுவரைக்கும்தான் ஒத்திகை. நியூயார்க் நகரத்து டைம்ஸ் சதுக்கத்துல 2009ல முதல்ல வண்டி போகாம தடுப்பு வச்சு, மலிவான மடக்கு நாற்காலி போட்டாங்க. ஜனங்க உக்காந்து பார்த்தாங்க. 2010ல அது நிரந்தரம்னு அறிவிப்பு வந்தது. நாமும் 3 மாசம் கோடு, தூக்குற தொட்டி, நகர்த்துற நாற்காலி. ஒரு மழைக்காலம் அதுக்குள்ள வரணும். நாற்காலி எந்த நிழலுக்கு நகருதுன்னு கவனிச்சாலே பெஞ்சு எங்கன்னு தெரிஞ்சிடும்.

சிவில் அண்ணா, 8:17
தரையில கோடு போட எனாமல் பெயின்ட் வேண்டாம் தம்பி. நனைஞ்சா வழுக்கும். ரோட்டு பெயின்ட்ல மெல்லிய மணல் தூவி அடிக்கணும். எண்ணெய்க் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்க்காம அடிச்சா உரிஞ்சிடும்.

மூணாம் வீட்டுப் பாட்டி, 8:25
பெஞ்சுக்கு முதுகும் கைப்பிடியும் வேணும்பா. கைப்பிடி இல்லாத பெஞ்சுல உக்காரலாம், எந்திரிக்க முடியாது.

சிவில் அண்ணா, 8:27
சரி பாட்டி. உக்காருற உசரம் 45 செ.மீ., ரெண்டு பக்கமும் கைப்பிடி. பக்கத்துல சக்கர நாற்காலி நிக்க 90 செ.மீ. இடம். படுக்கையறை ஜன்னலுக்கு நேரா பெஞ்சும் விளக்கும் வராது.

நர்சரி அக்கா, 8:33
புதர் 60 செ.மீ.க்கு மேல வளர விடாதீங்க. மரக்கிளை 2 மீட்டருக்கு மேலதான் ஆரம்பிக்கணும், உள்ள யார் இருக்காங்கன்னு தெருவுல இருந்தே தெரியணும். மரத்துக்கு முதல் ரெண்டு வருஷம் வாரம் ரெண்டு தடவை 20 லிட்டர். மூடாக்கு, அதாவது மண்ணை மூடுற காஞ்ச சருகு, 7 செ.மீ. கனம், ஆனா தண்டை ஒட்டிக் குவிக்காதீங்க. 10 செ.மீ. விடுங்க, இல்லன்னா பட்டை அழுகும்.

சிவில் அண்ணா, 8:40
ஞாயிறு காலை 6:30. சாக்பீஸ் ஒரு டப்பா, 2 வாளி, 30 மீட்டர் டேப், டியூப் லெவல். மேன்ஹோல் மூடியை யாரும் திறக்காதீங்க, உள்ள விஷவாயு இருக்கும். மேல அடையாளம் மட்டும்.

கடைசி வீட்டு சார், 8:44
சனி ராத்திரியே வண்டியை எடுத்திடறேன். 4ஆம் நம்பர்லயும் சொல்லிடறேன். வாளித் தண்ணிக்கு என் வாசல் குழாய் இருக்கு.