மறுமொழி: சிகுவாத்தேராவைத் தமிழில் என்னவென்று சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம். பவளப் பாறைகளில் மேய்ந்த சில மீன்களைத் தின்பதால் வரும் நோய் சிகுவாத்தேரா. நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதன் தமிழ்ப் பெயரைத் தேடுகிறோம்; வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> ‘மீன் நஞ்சு’ என்றாலே படிப்பவருக்குப் புரிந்துவிடும். எதற்கு இன்னொரு சொல்?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். மீனால் வரும் நஞ்சு ஒரே வகை அல்லவே. பேத்தை மீனில் இருப்பது டெட்ரோடோடாக்சின். அது தசைகளை முடக்கி மூச்சையே நிறுத்திவிடும். சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றைப் பிடித்தபின் ஐஸில் வைக்காமல் விட்டால் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கும். தின்றவருக்கு முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். முன்னது அந்த மீனின் இயல்பு, பின்னது கையாண்டவரின் அசட்டை. சிகுவாத்தேரா இந்த இரண்டிலும் சேராது. துடிக்கத் துடிக்கப் பிடித்த மீன், மணமும் சுவையும் மாறாத மீன், நேற்று வரை தீவே தின்ற இனம். அது மேய்ந்த இடந்தான் சரியில்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இந்தச் சொல்லில் மீனினமும் வேண்டாம், நோய்க்குறியும் வேண்டாம். இடம் இருக்க வேண்டும்.

காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். புயலோ, துறைமுகத் தோண்டலோ, கடல்நீரின் வெப்பமோ பவளத்தைக் கொன்றால் அதன் மேல் பாசி படர்கிறது. அந்தப் பாசியில் ஒட்டி வாழும் ஒற்றைச்செல் உயிரிதான் காம்பியர்டிஸ்கஸ். பிரெஞ்சு பாலினேசியாவின் காம்பியர் தீவுகளில் ஜப்பானிய ஆய்வாளர் யசுமோட்டோவின் குழு இதைக் கண்டறிந்து 1977இல் எழுதியது. 1979இல் அந்தத் தீவுகளின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. பாசியை மேயும் மீனுக்குள் அதன் நஞ்சு போகிறது. மேய்ந்ததைக் கலவா தின்கிறது, சீலா தின்கிறது, அஞ்சாளை தின்கிறது. நஞ்சு கொழுப்பில் கரைவது. எளிதில் வெளியேறாது. போதாக்குறைக்கு மீனின் உடலுக்குள்ளேயே இன்னும் கடுமையான வடிவுக்கு மாறுகிறது. ஆக, ஒரே கலவா இனம் தீவின் ஒரு பக்கத்தில் விருந்து, மறுபக்கத்தில் நோய். ‘கலவா நஞ்சு’ என்றோ ‘சீலா நஞ்சு’ என்றோ பெயர் வைத்தால் பாவம், குற்றமில்லாத மீன்கள் பழி சுமக்கும்.

‘சிகுவாத்தேரா’ என்ற ஸ்பானியப் பெயரே அப்படிப் பிறந்ததுதான். கியூபாவில் ‘சிகுவா’ என்பது ஒரு கடல் நத்தை. அதைத் தின்றவர்களுக்கு வந்த நோய்க்கு ஏற்பட்ட பெயர் பிறகு மீன் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. நத்தை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அந்தச் சுமையைத் தமிழும் தூக்கத்தான் வேண்டுமா?

> நோயாளி படும் பாட்டை வைத்துப் பெயரிடலாம். நியூ கலிடோனியாவில் ‘சொறி’ என்ற பொருளில்தானே சொல்கிறார்கள்?

ஆம், அந்தப் பசிபிக் தீவில் மக்கள் வழக்கு ‘கிராத்’ என்ற பிரெஞ்சுச் சொல். ஊர்வழக்குக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. தமிழில் ‘மீன்சொறி’ என்று எழுதினால் ஒவ்வாமை என்றே எல்லாரும் நினைப்பார்கள். ஒவ்வாமை ஆளைப் பொறுத்தது. இதில் ஒரே சட்டியில் தின்றவர்கள் பலரும் ஒன்றாகப் படுப்பார்கள். 1774இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் ரெசல்யூஷன் கப்பலில் இப்படித்தான் நடந்தது. இன்றைய வனுவாட்டு அருகே சிவப்பு மீனைத் தின்ற அதிகாரிகள் சேர்ந்து நோயில் விழுந்தார்கள்.

அதனால் என் முன்மொழிவு: பார்நஞ்சு.

‘பார்’ கடலோரத்தார் நாவில் வழங்கும் சொல். முத்துப்பார், சங்குப்பார் என்று கேட்டிருப்பீர்கள். கடலடியில் மேடிட்டு நிற்கும் பாறைத் தரை அது. ‘பவளப்பாறை மீன் நச்சுத்தன்மை நோய்’ என்று நான்கைந்து சொற்களை வண்டி வண்டியாகக் கோப்பதைவிட ஓரசைச் சொல் ஒன்று கையில் இருக்கும்போது அதை எடுக்கலாம் என்பது என் கட்சி.

அன்புடன்.

* * *

ஐயா, வணக்கம்.

இடத்தை வைத்துப் பெயரிடும் கொள்கை எனக்கும் உடன்பாடு. மருத்துவம் சொல்லித் தருகிறவன் என்ற முறையில் சில தடைகளைச் சொல்கிறேன்.

‘பார்நஞ்சு’ என்றால் பாரில் நீந்தியவனுக்கும் பவளம் கீறியவனுக்கும் ஏறும் நஞ்சு என்று ஒரு மாணவர் எழுதுவார். எழுதினால் நான் தவறு போட முடியாது, சொல் அப்படித்தான் சொல்கிறது. மென்பவளம் போன்ற உயிர்கள் சிலவற்றில் வேறு கொடிய நஞ்சும் உண்டு. ஆகவே ‘மீன்’ உள்ளே வந்தாக வேண்டும்: பார்மீன்.

அடுத்தது, நஞ்சு என்பது பொருளின் பெயர். எனக்கு நோயின் பெயர் வேண்டும். ‘நஞ்சூட்டல்’ வேண்டாம், யாரோ வேண்டுமென்றே கொடுத்தது போல் ஒலிக்கிறது, காவல் நிலையம் வரை போய்விடும். ‘நஞ்சாதல்’ உணவுக்குச் சரி, ஆளுக்குச் சரியில்லை. ‘நஞ்சேறல்’ எப்படி? ‘விஷம் ஏறிடுச்சு’ என்றுதானே பேச்சில் சொல்கிறோம். பாசியிலிருந்து சிறுமீனுக்கும் பெருமீனுக்கும் மனிதனுக்கும் படிப்படியாக ஏறுவதும் அதே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

இன்னொன்று, இதை விட்டால் பிறகு யாரும் பேச மாட்டோம். இந்த நோயின் அடையாளக் குறி ஒன்றுக்குத் தமிழ்ச்சொல் இல்லை. முதலில் வாந்தி, பேதி. பிறகு உதடும் விரலும் மரமரக்கும், பல் ஆடுவது போலிருக்கும், நாடி தளரும். அதற்கப்புறம் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடும். பல நூல்களில் இதை ‘வெப்பமும் குளிரும் தலைகீழாதல்’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தலைகீழ் இல்லை. சூடு குளிராகத் தெரிவதில்லை. குளிர் மட்டும் எரிச்சலாகத் தெரிகிறது. நரம்பின் சோடியம் வாயில்கள் மூட வேண்டிய நேரத்திலும் திறந்து நிற்பதால் வரும் கோளாறு. ‘குளிர்ச்சுடுகை’ என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், விளக்கமே தேவைப்படவில்லை.

‘பார்மீன்’ சொல்லில் எனக்கு ஓர் உறுத்தலும் உண்டு. பாரை என்று ஒரு மீன் இருக்கிறது. காதால் கேட்பவர் பாரை மீன் என்று எடுத்துக்கொண்டால்?

* * *

ஐயா, நன்றி.

‘மீன்’ சேர்ந்தாக வேண்டும் என்பதற்கு மறுப்பே இல்லை. ‘நஞ்சேறல்’ என் சொல்லைவிட நல்ல சொல். ‘குளிர்ச்சுடுகை’யை இன்றே பட்டியலில் ஏற்றிவிட்டேன்.

பாரை பற்றி: எழுத்தில் குழப்பம் வராது. பேச்சில் வரலாம். வந்தாலும் பெரிய கேடில்லை, ஏனென்றால் பெரிய பாரைகளும் இந்த நஞ்சைச் சுமப்பவைதான். ‘பாறைமீன்’ என்று மாற்றினால் குழப்பம் கூடும். றகர ரகர வேறுபாடு பேச்சில் பலரிடம் இல்லை.

நஞ்சின் பெயரை மட்டும் ஒலிபெயர்ப்பாகவே விடுவோம்: சிகுவாடாக்சின். வேதிப்பெயரைத் தமிழாக்கினால் ஆய்வகத்தில் யாருக்கும் பயன்படாது. அந்தப் பொருளை அறிய ஆய்வாளர்கள் பட்ட பாட்டையும் மதிக்க வேண்டும். 1967இல் ஹவாயில் வேதியியலாளர் ஷோயரின் குழு பெயரிட்ட அந்தப் பொருளின் கட்டமைப்பு 1989இல்தான் வெளியானது. அதற்காக 4,000 கிலோ அஞ்சாளையைப் பிடித்து, அவற்றின் உள்ளுறுப்பு 124 கிலோவிலிருந்து பிரித்தெடுத்த தூய நஞ்சு 0.35 மில்லிகிராம். அளவு சிறிது என்று அசட்டையாக இருக்க முடியாது: பசிபிக் கடலில் காணும் சிகுவாடாக்சின் வகை கிலோ மீனில் 0.01 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வழிகாட்டுகிறது.

விளக்கக் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சமைத்தாலும் பொரித்தாலும் உப்பிட்டாலும் உறையவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. ஈ மொய்க்கிறதா, வெள்ளிக் காசு கறுக்கிறதா என்று தீவுகளில் பார்க்கும் சோதனைகளை நம்ப முடியாது. பூனைக்குக் கொஞ்சம் போட்டுப் பார்ப்பதும் உண்டு. பூனை நோயில் விழுவது உண்மைதான், ஆனால் அது காத்திருக்க வேண்டிய சோதனை, பசிக்கிறவர் காத்திருக்க மாட்டார். எந்தப் பக்கத்துப் பாரில் எந்த மீனைத் தொடக் கூடாது என்ற மீனவர் அறிவு இவற்றைவிடப் பயன் தரும். பெரிய மீனையும், எந்த மீனானாலும் தலை, ஈரல், முட்டைகளையும் தவிர்ப்பதும் அதே போலத்தான்.

பட்டியலுக்கு அனுப்பும் வடிவம்:

பார்மீன் நஞ்சேறல் (பெ.) – பவளப் பாரில் மேய்ந்த மீனைத் தின்பதால் சிகுவாடாக்சின் உடலில் ஏறி வரும் நோய். வேறு பெயர்: சிகுவாத்தேரா.

குளிர்ச்சுடுகை (பெ.) – குளிர்ந்த பொருள் தொடும்போது எரிச்சலாக உணர்தல்.

சொல்லை இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். ‘பார்மீன்நஞ்சேறல்’ என்று ஒட்டினால் அச்சில் கண் தடுக்குகிறது. சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்; அதற்குப் பிறகு பட்டியல் அச்சுக்குப் போய்விடும்.