வீட்டுக்கு மேலே வட்டமடிப்பது கருடனா? ரெடிங் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

மீனா_கேவர்ஷாம்:
எல்லோருக்கும் வணக்கம். ரெடிங்குக்கு வடக்கே கேவர்ஷாமுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் கிழக்கு லண்டனில் அடுக்குமாடி வீடு, புறாவைத் தவிர வேறு பறவையைக் கவனித்ததே இல்லை. இங்கே தினமும் காலை பத்து மணி வாக்கில் ஒரு பெரிய பருந்து, சில நாள் மூன்று நான்கு கூட, தோட்டத்துக்கு மேலே வட்டமடிக்கின்றன. இறக்கையை அடிப்பதே அபூர்வம், வாலை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு மிதக்கிறது. நேற்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று கூரை உயரத்துக்கு இறங்கி வந்தது. உடம்பு செங்கல் நிறம், தலை வெளிர் சாம்பல், வால் மீன் வால் போல நடுவில் பிளந்திருந்தது. கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார். பார்த்தவுடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு "கிருஷ்ணா கிருஷ்ணா" என்றார், ஊரில் கருடனைக் கண்டால் செய்வது போலவே. இது கருடன்தானா? இவ்வளவு குளிர் நாட்டிலும் இருக்குமா?

இன்னொன்று. என்னோடு வேலை செய்பவர் ஒருவர், அறுபது வயதுக்காரர், ஆக்ஸ்ஃபோர்டுஷையர் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் இந்தப் பறவையை ஒரு தடவைகூட இங்கே பார்த்ததில்லை, பார்க்கவேண்டுமென்றால் வேல்ஸ் வரை போகவேண்டும் என்கிறார். தினமும் தலைக்கு மேலே பறப்பது அன்றைக்கு ஏன் இல்லாமல் போனது?

பக்கத்து வீட்டுக்காரர் புல்தரையில் கோழித் துண்டுகள் போடுகிறார். அம்மாவும் "நாமும் வைப்போம், புண்ணியம்" என்கிறார். வைக்கலாமா? வீட்டில் மூன்று மாதப் பூனைக்குட்டி வேறு இருக்கிறது, தூக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

குன்றேறி:
மீனா, நீங்கள் சொன்ன வாலே போதும், அது ரெட் கைட். பிரிட்டனில் சாதாரணமாகக் காணும் இன்னொரு பெரிய வேட்டைப் பறவை பஸ்ஸர்ட், அதன் வால் விசிறி போல வட்டமாக விரியும், இறக்கையும் குட்டை. பிளந்த வால், இறக்கையின் அடிப்பக்கம் நுனிக்குச் சற்று முன்னால் வெள்ளைத் திட்டு, நீளமாக இழுத்து விடும் விசில் சத்தம், இந்த மூன்றும் இருந்தால் வேறு எதுவும் இல்லை. அம்மா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, தூரத்தில் செங்கல் நிறம் நம் கருடனைத்தான் நினைவுபடுத்தும். ஆனால் கருடனுக்குத் தலையும் நெஞ்சும் வெள்ளை, வால் பிளந்திருக்காது. செம்பருந்து என்று நாம் சொல்வதும் அதே கருடனைத்தான், அதனால் ரெட் கைட்டைச் செம்பருந்து என்று எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். உறவுமுறை பார்த்தால் இது கருடனுக்கு அல்ல, நம் ஊர் மீன் சந்தையிலும் குப்பைமேட்டிலும் சுற்றும் கள்ளப்பருந்துக்குத்தான் நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே பேரினம்.

உங்கள் அலுவலக நண்பர் சொன்னது முழு உண்மை. ஒரு காலத்தில் லண்டன் தெருக்களில் கழிவைத் தின்று இந்தப் பறவை கூட்டமாக வாழ்ந்தது, சென்னையில் கள்ளப்பருந்து வாழ்வது போல. அப்புறம் பதினாறாம் நூற்றாண்டில், டியூடர் மன்னர்கள் காலத்துச் சட்டங்கள் அதைப் பயிருக்கும் கோழிக்கும் எதிரி என்று பட்டியலில் சேர்த்து, கொன்று வருபவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வைத்தன. பின்னால் பெரிய பண்ணைகளில் வேட்டைக்காக ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வகையை வளர்த்தவர்கள் விஷமும் பொறியும் வைத்தார்கள், முட்டை சேகரிப்பவர்கள் மிச்சத்தை முடித்தார்கள். 1870களின் முடிவில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஒன்றுகூட இல்லை.

நான் எல்லோரிடமும் சொல்லும் பகுதி இனிமேல்தான். 1989ல் தொடங்கி ஐந்து ஆண்டுகளில் ஸ்பெயினிலிருந்து ஏறக்குறைய 90 குஞ்சுகளைக் கொண்டுவந்து, உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவிலுள்ள சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். உடனே திறந்துவிடவில்லை. மரக்கூண்டில் சில வாரம் வைத்து, மனித முகம் கண்ணில் படாமல் இறைச்சி போட்டு, பறக்கத் தயாரானதும் கதவைத் திறந்தார்கள். 1992ல் அவை தாங்களாகவே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. உங்கள் தோட்டத்துக்கு மேலே பறப்பவை அநேகமாக அந்தக் குஞ்சுகளின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள். அதே ஆண்டுகளில் வடக்கு ஸ்காட்லாந்தில் ஸ்வீடன் பறவைகளை விட்டார்கள், பிறகு நார்த்தாம்டன்ஷையர், யார்க்‌ஷையர், கேட்ஸ்ஹெட் என்று பரவலாக்கினார்கள். இதற்கு நடுவே ஸ்பெயினின் தென்மேற்கில் இந்தப் பறவை அருகிப் போய்விட்டது, 2022ல் இங்கிலாந்துக் குஞ்சுகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தது போல இருந்தது, செய்தி படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பூனைக்குட்டி விஷயத்தில் அம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். இறக்கை விரித்தால் ஆறடி இருக்கும், ஆனால் எடை ஒரு கிலோதான், கால் பிடியும் பலவீனம். செத்த முயல், சாலையில் அடிபட்டது, எலி, மண்புழு, இவைதான் அதன் சாப்பாடு.

வடமேற்குக்_காற்று:
வேல்ஸில் அபரிஸ்ட்வித் பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன். குன்றேறி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கவேண்டும். மொத்த பிரிட்டனிலும் அழியாமல் தப்பியது எங்கள் நடு வேல்ஸ் பள்ளத்தாக்குகளில்தான், அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு. 1903லேயே கூடுகளைக் காக்க ஒரு குழு அமைத்தார்கள், விவசாயிகளும் பறவை ஆர்வலர்களும் முட்டைத் திருடர்கள் வராமல் காவல் இருந்தார்கள். பின்னால் மரபணுவைச் சோதித்தபோது, பிழைத்திருந்த வேல்ஸ் பறவைகள் எல்லாமே ஒரே ஒரு பெண் பறவையின் வழிவந்தவை என்று தெரிந்தது. ஒரே ஒரு தாய்! ஏதோ ஒரு ஓக் மரத்தில் அந்த ஒரு கூட்டை யாராவது கலைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நேரம் கிடைத்தால் அம்மாவை ராயடர் ஊருக்குப் பக்கத்திலுள்ள கிக்ரின் பண்ணைக்குக் கூட்டிப்போங்கள். தினமும் ஒரே நேரத்தில் பச்சை இறைச்சி போடுவார்கள், குளிர்காலத்தில் இரண்டு மணி, கோடையில் மூன்று மணி. கோடைக்காகக் கடிகாரத்தை நாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினாலும் பறவைக்கு அதே நேரம்தான். நூற்றுக்கணக்கில் வரும். தரையில் உட்காராமல் பாய்ந்து, காலால் கவ்வி, பறந்துகொண்டே குனிந்து அலகால் கிழித்துத் தின்னும். முதல் தடவை பார்த்தபோது நான் கேமராவை எடுக்கவே மறந்துவிட்டேன்.

ஈரமண்:
வீட்டில் போடலாமா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. தயவுசெய்து போடாதீர்கள், மீனா. ரெடிங்கில் ஏறக்குறைய இருபதில் ஒரு வீட்டில் இதற்கு இறைச்சி வைக்கிறார்கள் என்று அந்த ஊர்ப் பல்கலைக்கழக ஆய்விலேயே வந்தது, அதனால்தான் நகரத்துக்குள் இவ்வளவு கூட்டம். எலும்பில்லாத கோழித் துண்டு, சமைத்த மிச்சம், சாசேஜ் எல்லாம் பழக்கமாகிவிட்டால் குஞ்சுக்கும் அதையே கொண்டுபோய் ஊட்டும், சுண்ணாம்புச் சத்து இல்லாமல் குஞ்சின் எலும்பு வளைந்துபோகும். எலியையோ முயலையோ தின்றால் எலும்பும் ரோமமும் சேர்ந்தே உள்ளே போகும், அதுதான் அதற்குச் சரியான சாப்பாடு.

எங்கள் பக்கம் போன கோடையில் நடந்தது. ஆற்றங்கரைப் பூங்காவில் என் மகன் கையில் சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருந்தான், பின்னாலிருந்து வந்து பறித்துக்கொண்டு போய்விட்டது. விரலில் சின்னக் கீறல்தான், ஆனால் அவன் ஒரு வாரம் வெளியே உட்கார மறுத்தான். பறவைமேல் எனக்குக் கோபம் இல்லை. ஊட்டி ஊட்டி மனிதனிடம் பயமில்லாமல் ஆக்கியது நாம்தான். இப்படியே போனால் "இந்தத் தொல்லையை ஒழியுங்கள்" என்று மறுபடியும் யாராவது கிளம்புவார்கள், எனக்கு அந்தப் பயம்தான் பெரியது. அதோடு, எலிக்கு விஷம் வைப்பவர்கள் இருந்தால் அவர்களிடமும் பேசுங்கள், விஷம் தின்ற எலியைத் தின்று இவையும் சாகின்றன.

தாளவாடிக்காரன்:
ஊரிலிருந்து எழுதுகிறேன். படிக்கப் படிக்க ஏக்கமாக இருக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் மாடு செத்தால் காட்டோரம் போட்ட கொஞ்ச நேரத்தில் பாறுக் கழுகுகள் இறங்கிவிடுமாம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஊசி அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது, 2006ல் கால்நடைக்கு அதைத் தடைசெய்தார்கள், 2023ல் அதே மாதிரி வலி மருந்துகளான கீட்டோப்ரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும் தடைசெய்தார்கள். எங்கள் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. வேல்ஸில் அந்த ஒரு தாய் போதும் என்று படித்ததும் எனக்கு மாயாறுதான் ஞாபகம் வந்தது. போன மாசியில் ஒரே நாளில் ஆறு வெண்முதுகுப் பாறுகளைப் பார்த்தேன், பேருந்தை விட்டு இறங்கி நின்று பார்த்தேன்.

மீனா_கேவர்ஷாம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் குஞ்சின் எலும்பு விஷயத்தைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய மனைவி இறந்த வருடத்திலிருந்து போடுகிறாராம், மனைவிதான் முதலில் பழக்கினாராம். கெடுதல் என்று தெரியாது, இனிமேல் நிறுத்திவிடுகிறேன் என்றார். எனக்குத்தான் மனசு கஷ்டமாகிவிட்டது, மறுநாள் அம்மா செய்த அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கோழி நின்றதும் கூட்டம் குறைந்தது, ஆனால் ஒரு ஜோடி போகவில்லை. எங்கள் தெருக்கோடி பீச் மரத்தில் குச்சி சேர்க்கின்றன. கொடியில் காயப்போட்டிருந்த என் மகளின் மஞ்சள் சாக்ஸில் ஒன்று காணாமல் போனது. காற்று அடித்துப் போயிருக்கும் என்று நினைத்தேன், நேற்று பைனாகுலரில் பார்த்தால் கூட்டின் விளிம்பில் மஞ்சளாக ஏதோ தொங்குகிறது. கூட்டைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம் என்று மகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், அவளோ "அது என் சாக்ஸ் வீடு" என்று பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கருடன் இல்லை என்று அம்மாவுக்கு விளக்கிவிட்டேன். "சரி, இருக்கட்டும்" என்றார், கன்னத்தில் போட்டுக்கொள்வதை மட்டும் நிறுத்தவில்லை. இன்று காலை மழை விட்டதும் எதிர் மைதானத்தில் ஐந்து பருந்துகள் இறங்கி, கோழி மாதிரி நடந்து நடந்து மண்புழு பொறுக்கின. அம்மா ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார், தோசை கருகுகிறது, நான் போகிறேன்.