மழைக்கால நண்டு ரசம்: பாட்டி வைத்தது போல் திட்டுத் திட்டாக வரவில்லை, ஏன்?

பெர்ஜுந்தைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வீட்டில் இன்னும் யார் வாயிலும் அது நுழையவில்லை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் எனக்கு நண்டு ரசம் நினைப்பு வந்துவிடும். மலேசியாவில் என்ன குளிர் என்று தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிப்பார்கள். விடியற்காலையில் 22, 23 டிகிரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேர்த்தே பழகிய உடம்பு, பலகைச் சந்து வழியாக ஈரக்காற்று வரும் லயத்து வீடு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அதற்கு அதுவே போதும்.

பாட்டி வைக்கும் முறை இது. தாத்தா அல்லூரில், அதாவது தோட்டத்து வாய்க்காலில், பிடித்து வரும் நண்டு ரொம்பப் பொடியாக இருக்கும். மேல் ஓட்டைப் பிய்த்து, செவுளை எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை உரலில் போட்டு நங்கு நங்கென்று இடிப்பார். பழைய வேட்டித் துணியில் வடித்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல் தண்ணீர் வரும். அதைப் பார்த்தால் யாருக்கும் சாப்பிடத் தோன்றாது. புளி, மிளகு, சீரகம், தோலோடு தட்டிய பூண்டு எல்லாம் சேர்ந்து பால்மர விறகில் சட்டி ஏறும். கொஞ்ச நேரத்தில் கலங்கல் தெளிந்து, மேலே வெள்ளையாகத் திட்டுத் திட்டாக மிதக்கும். அந்தத் திட்டை அகப்பையில் வாரி முதலில் எனக்குத்தான் போடுவார். தம்பிக்கு இன்றும் அந்தக் கோபம் உண்டு.

மார்கழி பிறந்தால் கிடையாது. கோயில் பஜனை, விடியற்காலைப் பொங்கல், கடலை என்று வீடு சைவமாகிவிடும்.

இப்போது ஷா ஆலமில் இருக்கிறேன். பசாரில் பூ நண்டு என்கிற கடல் நண்டை வாங்கி, வெட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறேன். ருசி இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது கடை சூப். திட்டு வருவதில்லை, தொண்டையில் அந்தக் காரமும் நிற்பதில்லை. யூடியூபில் பார்த்தால் தக்காளியை அரைத்துக் கொட்டுகிறார்கள். பாட்டி தக்காளி போட்டு நான் பார்த்ததே இல்லை. என்ன செய்தால் சரியாக வரும்?

ஊருக்குப் போனால் செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டு அல்லூரில் நண்டு பிடிக்கலாம் என்று சித்தப்பா மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கிள்ளான் குசினி:

தம்பி, பதிலை நீங்களே எழுதிவிட்டுக் கேள்வி கேட்கிறீர்கள். பாட்டி பச்சையாக இடித்து வடித்தார். நீங்கள் வெட்டி வேக வைக்கிறீர்கள். அப்படி வெந்தால் சதை ஓட்டுக்குள்ளேயே இறுகிவிடும். பச்சையாக இடிக்கும்போதுதான் சதை தண்ணீரில் கரையும். சூடு ஏறியதும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டு மேலே வரும்.

பெரிய நண்டு வேண்டாம். கோல சிலாங்கூர் பக்கம் பாசிர் பெனாம்பாங்கில் மீன்காரர்களிடம் பொடி நண்டு கேட்டுப் பாருங்கள். உரல் தேடி அலைய வேண்டாம், பிளெண்டரே போதும். இரண்டு தடவை வடிகட்டுங்கள், ஓட்டுத் துண்டு தொண்டையில் குத்தும். பச்சைத் தண்ணீரிலிருந்தே சின்னத் தீயில் வையுங்கள். அடி பிடிக்காமல் முதலில் கிண்டலாம். ஆவி வந்ததும் கரண்டியை எடுத்துவிட வேண்டும். திட்டு மேலே வந்து நன்றாகக் கொதித்த பிறகுதான் புளித்தண்ணீர். மிளகு கடைசியில், அப்போதே தட்டியது. நம் நாட்டு மிளகு பெரும்பாலும் சரவாக்கிலிருந்துதான் வருகிறது. கறுப்பாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை மிளகு சீனர் சூப்புக்குச் சரி, இதற்கு வேலைக்கு ஆகாது.

மருந்தடிப்புக்காரி மகள்:

ரசத்துக்கு அக்கா சொல்லிவிட்டார். நான் உங்கள் கடைசி வரிக்காக எழுதுகிறேன். அந்த அல்லூரில் பிடிக்க வேண்டாம் அண்ணா. என் அம்மா முதுகில் பம்பைச் சுமந்து செம்பனைக்கு மருந்தடித்தவர். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2002இல் தடை செய்வதாகச் சொன்னார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020இல்தான் ஒரு வழியாக முழுத் தடை வந்தது. இப்போது வேறு களைக்கொல்லி. மழை பெய்தால் அடித்ததெல்லாம் அல்லூருக்குத்தான் இறங்கும். கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

இன்னொன்று. ஆற்று நண்டில் நுரையீரலைத் தாக்கும் புழு இருக்கலாம். நன்றாக வெந்தால் அது செத்துவிடும். ஆனால் பச்சையாக இடித்த பாத்திரம், துணி, கை எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவாமல் வேறு சாப்பாட்டைத் தொடாதீர்கள். கடல் நண்டு வாங்குவதே நல்லது.

பழைய பெரட்டு:

எழுபதைத் தாண்டியவன் நான். மழையைப் பற்றி இவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். பால்மரம் வெட்டிய எங்களுக்கு அது சம்பளம் இல்லாத நாள். ராத்திரி மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும். ஈர மரத்தை வெட்டினால் பால் வெட்டிய கோட்டில் ஓடாது, மரம் முழுக்க வழியும். பால் பிடிக்கும் மங்கில் விழுந்ததும் மழைத்தண்ணீரில் கெட்டுப்போகும். மரம் காயுமா என்று பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், காத்து நிற்போம். காயவில்லை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், கூலி கிடையாது. நவம்பரில் பாதி நாள் இப்படிப் போகும். கடையில் பற்று ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்போது காசில்லாமல் கிடைத்தது அல்லூர் நண்டும், லயத்துப் பின்னால் நட்ட மரவள்ளிக்கிழங்கும்தான். ஒரு கை நண்டை வைத்து எட்டுப் பேருக்குச் சோறு இறங்க வேண்டும். இடித்து ரசமாக்காமல் வேறு என்ன செய்வது? மிளகைத் தூக்கலாகப் போட்டால் கொஞ்சம் ரசத்துக்கு நிறையச் சோறு போகும். தக்காளி போடாததற்கும் காரணம் அதுதான் தம்பி, கேமரன் மலையிலிருந்து வரும் தக்காளிக்குக் காசு கொடுக்க வேண்டும். திட்டையெல்லாம் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு உங்கள் பாட்டி அடியில் இருந்த தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருப்பார். என் அம்மா அப்படித்தான்.

பெர்ஜுந்தைக்காரன்:

ஐயா, மழை என்றால் தாத்தா வீட்டில் இருக்கும் நாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பற்றுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நான் படமெல்லாம் வரைந்திருக்கிறேன். தம்பியிடம் உங்கள் பதிலைக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "இருந்தாலும் உனக்குத்தானே முதலில் போட்டார்" என்கிறான்.

தங்கச்சி, அல்லூர் யோசனையை விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பாசிர் பெனாம்பாங் போகிறோம். கிள்ளான் அக்கா, வீட்டில் புளி தீர்ந்துவிட்டது, புளிப்புக்குப் போடும் காய்ந்த பழத்துண்டு, அசாம் கெப்பிங் இருக்கிறது. அதைப் போடலாமா?

கிள்ளான் குசினி:

நண்டு வாங்க அவ்வளவு தூரம் போகிறீர்கள், வழியில் ஒரு பொட்டலம் புளி வாங்க முடியாதா தம்பி? அசாம் கெப்பிங்கை மீன் குழம்புக்கு வையுங்கள்.