பனி போய்விட்டது, டிரெய்லரைத் திறக்கலாமா? ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இலையுதிர்காலக் கடைசியில் பழைய கேம்பர் டிரெய்லர் வாங்கினால் விலை படியும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி வாங்கியவர் யாரும் அதில் தண்ணீர் விட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். விற்றவர் குளிரில் பைப் உறையாமல் இருக்கப் பிங்க் நிற ஆன்டிஃப்ரீஸ் திரவத்தை ஏற்றி, மூடிக் கையில் கொடுத்திருப்பார். வண்டியில் எது ஓடுகிறது, எது ஒழுகுகிறது என்பது வசந்தம் வந்தால்தான் தெரியும். பிள்ளைகள் பசியோடு நிற்கும்போது காட்டுக்குள் வைத்து அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம். வீட்டு டிரைவ்வேயிலேயே பார்த்துவிடுங்கள். (டிரைவ்வேயில் டிரெய்லர் நிறுத்த உங்கள் நகரம் விடுகிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் விதி வேறு.)

எல்லாரும் குறிவைப்பது விக்டோரியா டே விடுமுறையைத்தான், அதாவது மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை. அது நெருங்கிவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் நாள் கிடைப்பது குதிரைக் கொம்பு. எனவே ஏப்ரலிலேயே தொடங்குங்கள், ஆனால் தண்ணீரைத் தொடாதீர்கள். டொராண்டோ பக்கமே மே முதல் வாரத்தில்கூடச் சில இரவுகளில் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும், வடக்கே கேட்கவே வேண்டாம். குளிர்காலம் முழுக்கத் தப்பித்த பைப், ஒரே இரவில் வெடித்துவிடும். ஏப்ரலில் கூரை, எலி, பேட்டரி, டயர். மே மாதத்தில் தண்ணீரும் கேஸும்.

கூரையில் இருந்து ஆரம்பியுங்கள். ஏணி போட்டு, காற்றுப்போக்கிகளைச் சுற்றியும் ஓரங்களிலும் பூசியிருக்கும் சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் கூரை என்றால் கடையில் கிடைக்கிற சாதாரண சிலிக்கானைப் பூசிவிடாதீர்கள். அது ஒழுங்காக ஒட்டாது, பிறகு அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது. இதற்கென்றே தானாகப் பரவி நிரம்பும் சீலன்ட் விற்கிறார்கள், டைகார் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அடுத்து உள்ளே போய், மேல் மூலைகளையும் ஜன்னலுக்குக் கீழேயும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே மரம் உளுத்துவிட்டது என்று பொருள். டிரெய்லரில் இதைவிடப் பெரிய செலவு கிடையாது. அதற்கு என்ன ஆகும் என்று விலை கேட்டு முடிக்கும்வரை, வேறு எதற்கும் ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள்.

எலிப் புழுக்கை கிடந்தால் உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள், வாக்குவமும் வேண்டாம். கனடாவில் மான் எலி எனும் காட்டெலியிடம் ஹான்டா வைரஸ் இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. தூசி பறந்து மூக்கில் ஏறுவதுதான் வினை. ஜன்னல்களைத் திறந்து அரைமணி நேரம் விட்டுவிட்டு, கையுறையும் மாஸ்க்கும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனையுங்கள். ஐந்து நிமிடம் ஊறியபின் பேப்பர் டவலால் துடைத்தெடுங்கள். அப்படியே ஒயர்களையும் பாருங்கள், எலி கடிக்காமல் விட்டிருக்காது.

பேட்டரியில் நம்மவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. காரில் கருப்பு ஒயர் என்றால் நெகட்டிவ் என்று கை பழகியிருக்கும். டிரெய்லரின் 12 வோல்ட் ஒயரிங்கில் பெரும்பாலும் கருப்புதான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்தால் ‘டப்’ என்று பியூஸ் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் பியூஸோடு போகும், இல்லையென்றால் வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வர்ட்டரும் சேர்ந்து போகும். வெள்ளை ஒயர் வண்டிச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தபிறகு மாட்டுங்கள். முழு சார்ஜில் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். பக்கவாட்டில் உப்பியிருந்தால் குளிரில் உறைந்திருக்கலாம், அதைச் சார்ஜில் போடவே கூடாது.

‘அண்ணா, டயர் புதுசு மாதிரி இருக்கு, மாத்தணுமா?’ என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டிவிட்டால் பட்டன் ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுவதுதான் என் கட்சி. நெடுஞ்சாலையில் ஒரு டயர் வெடித்தால் சக்கரத்துக்கு மேலிருக்கும் தரையையும் பைப்பையும் கிழித்துக்கொண்டு போகும். நட்டுகளை டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) வைத்து முடுக்குங்கள், கிளம்பி எண்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒருமுறை பாருங்கள். பேரிங் கிரீஸும் பிரேக்கும் தெரிந்த மெக்கானிக்கிடம் போகட்டும். மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

இனி தண்ணீர். தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டரைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. குளிர்காலத்தில் ஹீட்டர் டேங்கை வடித்துவிட்டு, ஆன்டிஃப்ரீஸ் அதற்குள் போகாமல் பைபாஸ் போட்டிருப்பார்கள். முதலில் பைபாஸை அப்படியே விட்டு, எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பிங்க் நிறமும் நுரையும் போகும்வரை தண்ணீர் ஓடவிடுங்கள். ஷவரையும் டாய்லெட்டையும் மறக்க வேண்டாம். பிறகு பைபாஸை எடுக்க ஹீட்டரின் பின்பக்கம் போங்கள், கட்டிலுக்கோ அலமாரிக்கோ அடியில் ஒரு பலகையைக் கழற்றினால் தெரியும். மூன்று வால்வு இருந்தால், குளிர், சூடு இரண்டு பைப்பிலும் கைப்பிடி பைப்போடு நீளவாக்கில் நிற்க வேண்டும், நடுவில் இருப்பது குறுக்கே நிற்க வேண்டும்.

ஹீட்டரின் வடிகால் மூடியைப் போடும் முன், டேங்குக்குப் பதிலாகத் தான் அரித்துப்போகும் ஆனோடு ராடைப் பாருங்கள். சபர்பன் கம்பெனி ஹீட்டர் என்றால் இருக்கும், அலுமினிய டேங்க் உள்ளவற்றில் இருக்காது. முக்கால்வாசி அரித்துப்போயிருந்தால் புதிது போடுங்கள், டேங்க் பிழைக்கும். இப்போது தண்ணீர் விட்டு, சூடான பக்கக் குழாயைத் திறந்து வையுங்கள். முதலில் காற்று கக்கும், பிறகு நிதானமாக ஒழுகும். அதுவரை ஹீட்டரின் மின் சுவிட்சைத் தொடாதீர்கள். தண்ணீர் இல்லாத வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

எல்லாக் குழாய்களையும் மூடியபின், டேங்கிலிருந்து தண்ணீரைத் தள்ளும் பம்ப் நின்றுவிட வேண்டும். நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ‘டுர்ர்’ என்று ஓடினால் எங்கோ கசிகிறது. டிஷ்யூ பேப்பரை எடுத்துக்கொண்டு சிங்க்குக்கு அடியில், டாய்லெட்டுக்குப் பின்னால், பம்ப்பின் இணைப்புகளில் ஒற்றிப் பாருங்கள். கசிவு இல்லை என்று தெரிந்ததும், வாசனை சேர்க்காத பிளீச்சை 57 லிட்டர் நல்ல தண்ணீர் டேங்குக்கு 60 மில்லி வீதம் கலந்து, குழாய்களில் பிளீச் வாடை வரும்வரை ஓடவிட்டு, ஓர் இரவு அப்படியே வைத்து, மறுநாள் வாடை போகும்வரை அலசுங்கள்.

கேஸ் விஷயத்தில் சிலிண்டரின் தேதியைப் பார்ப்பது (பத்து வருடம் தாண்டினால் நிரப்ப மாட்டார்கள்), இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது, கேஸ் அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டின் காலாவதி பார்ப்பது, இவ்வளவுதான் உங்கள் வேலை. குமிழி வந்தாலோ, அடுப்புச் சுடர் மஞ்சளாக எரிந்தாலோ உரிமம் பெற்ற டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். சிலந்தி வலை பர்னர் குழாயை அடைத்திருக்கலாம்.

வீட்டில் 30 ஆம்ப் பிளக் போடச் சொல்லி ‘எலக்ட்ரிகல் தெரிந்த நண்பரை’ அழைக்காதீர்கள். டிரெய்லரின் 30 ஆம்ப் என்பது 120 வோல்ட். துணி டிரையருக்குப் போடுவதுபோல் நினைத்து 240 வோல்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் பிரிட்ஜ், மைக்ரோவேவ் எல்லாம் ஒரே நொடியில் புகைந்துவிடும். சோதித்துப் பார்க்க வீட்டுச் சாதாரணப் பிளக்கும் ஓர் அடாப்டரும் போதும், ஏசியை மட்டும் போடாதீர்கள்.

இடம் பிடிப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு: ஒன்டாரியோ பார்க்ஸில் ஐந்து மாதம் முன்பே, காலை 7 மணிக்கு முன்பதிவு திறந்துவிடும். மே விடுமுறைக்கு இப்போது தேடினால் மிச்சம் மீதிதான் இருக்கும். அல்கொன்குவின் பார்க்கில் மே கடைசி வாரம் இடம் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிக்காதீர்கள், அது கடிக்கும் கருப்பு ஈக்களின் (பிளாக் ஃபிளை) சீசன். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஜூன் பாதிக்கு மேல் தேதி பாருங்கள்.