கோடையில் ஓடு மெலியும் முட்டைகள்: ஆலோசனை தேவை

உறுப்பினர்களுக்கு வணக்கம். வீட்டுக் கொல்லையில் ரோட் ஐலண்ட் ரெட் கோழிகள் சிலவற்றை வளர்த்து வருகிறேன். குளிரையும் வெயிலையும் ஓரளவு தாங்கிப் பழுப்பு நிற முட்டைகளைத் தவறாமல் இடும் இந்த இனம், கோடை கடுமையான பிறகு, கையில் எடுத்தாலே நொறுங்கும் மெல்லிய ஓட்டுடன் முட்டையிடுகிறது. வெப்பத்தில் கோழி வாய்திறந்து மூச்சிரைக்கும்போது கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைந்துவிடுகிறது என்பதை அறிவேன். தீவனத்தில் புரதம் 16 முதல் 18 விழுக்காடு இருப்பதால், சுண்ணாம்புச் சத்தின் மீதே என் ஐயம்.

ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது என்பதால், கிளிஞ்சலைத் தீவனத்தில் கலக்காமல் மாலையில் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதுமா, அதை எவ்வளவு பருமனாக உடைக்க வேண்டும்? இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிகளும் அதே கூண்டில் இருக்கின்றன. மிகையான சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்காமல் காக்கும் வழியையும் அனுபவமுள்ளோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.