கொழிஞ்சாம்பாறை மொட்டைமாடிக்கு எந்த ரிஃப்ராக்டர்? 12,000 ரூபாய்க்குள்

தென்னந்தோப்பு:
வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நிலா, வியாழன், சனி பார்க்க ஒரு ரிஃப்ராக்டர் (லென்ஸ் வெச்ச தொலைநோக்கி) வாங்கணும். 9 வயசிலும் 13 வயசிலும் பிள்ளைங்க இருக்காங்க, அவங்களும் கையாளணும். 12,000 ரூபாய் பட்ஜெட், அவசியம்னா இன்னும் 2,000 சேர்க்கலாம். கண்ணாடி வெச்ச நியூட்டோனியன் வேண்டாம், அடிக்கடி அச்சு சரிபார்க்க ஆகாது.

பார்த்து வெச்சிருக்கிறது நாலு: 60/700 (அதாவது லென்ஸ் விட்டம் 60 மி.மீ., குவியதூரம் 700 மி.மீ.; பெட்டியிலேயே 525 மடங்குன்னு போட்டிருக்கு, விலையும் கம்மி), 70/700 சாதாரண மேல்-கீழ் ஸ்டாண்டோட, 70/900 ஈக்வட்டோரியல் மவுண்டோட, அப்புறம் குட்டையா ஒரு 80/400. எது எடுக்கலாம்? மார்கழி, தை மாசக் காற்றுக்கு ஸ்டாண்டு நிக்குமா? 60/700 கூட ஐபீஸில் (கண்ணை வெச்சுப் பார்க்கிற சின்ன லென்ஸ்) திருகுற சூரிய ஃபில்டரும் இலவசமாத் தராங்க, அது உபயோகமா?

மூலம்கேட்டை:
கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். அந்தச் சூரிய ஃபில்டரைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்னிக்கே உடைச்சுக் குப்பையில் போடுங்க. லென்ஸ் குவிக்கிற மொத்தச் சூடும் ஐபீஸ் பக்கம்தான் வந்து சேரும். அந்தச் சின்னக் கண்ணாடி அந்தச் சூட்டில் விரிசல் விட்டா, கண்ணை எடுக்க நேரம் இருக்காது. சூரியன் பார்க்கணும்னா லென்ஸுக்கு முன்னாடி முழு வாயையும் மூடுற ஃபில்டர் ஃபிலிம் மட்டும்தான். அப்பவும் ஃபைண்டரை (குறி பார்க்கிற சின்னக் குழல்) கழட்டி வெச்சிடணும்.

அடுத்து 525. அது 700-ஐ 4 மி.மீ. ஐபீஸால் வகுத்து 175, அதை 3 மடங்கு பார்லோவால் (மடங்கைக் கூட்டுற துணை லென்ஸ்) பெருக்கின கணக்கு. லென்ஸ் விட்டம் மி.மீ.-ல் எவ்வளவோ அதுக்கு ரெண்டு மடங்குதான் உச்ச வரம்பு: 60-க்கு 120, 70-க்கு 140. 525-ல் ஐபீஸை விட்டு வர்ற ஒளிக்கற்றை 0.1 மி.மீ. அகலம்தான், வியாழன் மங்கின மஞ்சள் கறையாத் தெரியும். நம்ம ஊர்க் காற்றில் பெரும்பாலான ராத்திரி 100 தாண்டினாலே படம் கொதிக்கும், அது வேற.

என் ஓட்டு 70/700. எஃப் 10 (குவியதூரம் விட்டத்தைப் போல 10 மடங்கு) ஆனதால் பளிச்சுன்னு இருக்கிற பொருளைச் சுத்தி வர்ற ஊதா விளிம்பு தொந்தரவு பண்ணாது. 80/400 எஃப் 5. நிலா ஓரத்தில் ஊதா அப்பிக்கும். அதில் 100 மடங்கு வேணும்னா 4 மி.மீ. ஐபீஸ் தேவை, மலிவு 4 மி.மீ.-ல் கண்ணை வைக்கவே இடம் இருக்காது.

ஆர்டர் பண்ணும்போது ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க: ஐபீஸ் குழல் 1.25 அங்குலமா, 0.965 அங்குலமா? ரெண்டாவதுன்னா வேண்டாம், நல்ல ஐபீஸ் பின்னாடி எதுவும் அதில் பொருந்தாது. கூட வர்ற ஐபீஸில் எச், எஸ்ஆர்னு பொறிச்சிருந்தா பழைய ரெண்டு லென்ஸ் அமைப்பு, பார்வை வட்டம் குறுகல். சேர்க்கலாம்னு சொன்ன 2,000-ஐ ஒரு 25 அல்லது 32 மி.மீ. பிளாசல் (நாலு லென்ஸ் அமைப்பு) ஐபீஸில் போடுங்க. 32-ல் 22 மடங்கு, வானத்தில் ரெண்டே கால் டிகிரி ஒரே பார்வையில். கார்த்திகைக் கூட்டம் முழுசா உள்ளே அடங்கும். 10 மி.மீ.-ல் 70 மடங்கு. சனியின் வளையத்துக்கும் வியாழனின் ரெண்டு பட்டைக்கும் அது போதும்.

வேலந்தாவளம்காரன்:
மேலே சொன்னதோட ஒத்துப்போறேன், ஆனா 80/400-ஐ அவ்வளவு தாழ்த்த வேண்டாம். கிரகத்துக்கு அது சரியில்லைதான். விருச்சிகத்தின் வால் பக்கம் இருக்கிற எம் 7 நட்சத்திரக் கூட்டம், பூசக் கூட்டம், இதெல்லாம் 25 மி.மீ.-ல் 16 மடங்கில் பார்த்தா அழகு தனி. உங்க முதல் தேவை நிலாவும் கிரகமும், அதனால 70/700.

ஈக்வட்டோரியல் ஏன் வேண்டாம்னு யாரும் விளக்கலை. அந்த மவுண்டின் ஒரு அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிக்கணும். நாம இருக்கிறது 10.7 டிகிரி வட அட்சத்தில். துருவம் வடக்கே தொடுவானத்துக்கு மேல் அதே 10.7 டிகிரிதான், தென்னைக்குப் பின்னாடி போயிடும். அச்சு ஏறக்குறைய படுத்துக்கிடக்கும், மொத்த எடையும் வடக்கே துருத்தி நிக்கும். கவிழாமல் இருக்க ஒரு காலை வடக்கே வைக்கணும். வெச்சா எதிர்எடைத் தண்டு அந்தக் காலிலேயே இடிக்கும். சின்ன மவுண்டில் இதுக்கு சுலபமான மாற்று கிடையாது. 9 வயசுப் பிள்ளைக்கு மேல்-கீழ், இட-வலம் மட்டும் போதும்.

காற்று: பாலக்காட்டுக் கணவாய் வழியா கிழக்கிலிருந்து வீசுறப்ப மலிவு அலுமினிய டிரைபாட் நிக்காது, அதுவும் மாடியில். காலை நீட்டாதீங்க. உள்ளேயே மடிச்சு வெச்சுட்டு, முக்காலி போட்டு உட்கார்ந்து பாருங்க. நடுத்தட்டிலிருந்து 3 கிலோ மணல் பை தொங்கவிடுங்க, பை தரையை லேசாத் தொடணும், இல்லேன்னா அதுவே ஊஞ்சலாடும். குழாயை விரலால் தட்டிப் பாருங்க: 2 விநாடிக்குள் நடுக்கம் அடங்கினா சரி, 5 ஆனா கால் இணைப்புத் திருகுகளை இறுக்கணும். கிழக்குக் கைப்பிடிச் சுவருக்கு மேற்கே, அதை ஒட்டி மறைவா இடம் இருந்தா அங்கே போங்க. இன்னொண்ணு, மாடி கான்கிரீட் ராத்திரி 9, 10 மணி வரைக்கும் சூடு கக்கும், படம் நெளியும். களத்துமேடு இருந்தா அதுவே மேல்.

தென்னந்தோப்பு:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. 70/700 முடிவு பண்ணிட்டேன். வந்து இறங்கினதும் என்னென்ன சோதிக்கணும்? திருப்பி அனுப்ப 7 நாள்தான் டைம்.

லென்ஸ்பெட்டி:
பகல்லயே ரெண்டு சோதனை முடிச்சிடலாங்க. ஒண்ணு, லென்ஸ் நிஜமா 70 தானான்னு. தூரத்து மரத்துக்கு ஃபோகஸ் பண்ணிட்டு, அறையை இருட்டாக்கி, ஐபீஸுக்கு ஒரு அடி பின்னாடி போன் டார்ச்சைப் பிடிங்க. லென்ஸ் முன்னாடி வெள்ளைத் தாளில் விழற ஒளி வட்டத்தை ஸ்கேலால் அளங்க. 70 பக்கம் வந்தா சரி. 50 வந்தா உள்ளே வளையம் போட்டு விளிம்பை அடைச்சிருக்காங்க, அதாவது 50 மி.மீ. லென்ஸுக்கு 70 விலை.

ரெண்டு, ஃபோகஸர். வெளியே முழுசா இழுத்து மேலும் கீழும் ஆட்டுங்க. தொங்கினா மேலே இருக்கிற சின்னத் திருகுகளை எட்டில் ஒரு சுத்து மட்டும் இறுக்குங்க. அதிகமானா பல்சக்கரம் நகராது.

அன்னிக்கு ராத்திரி உச்சியில் இருக்கிற ஏதாவது பிரகாசமான நட்சத்திரத்தை 70 மடங்கில் வைங்க. அதுக்கு முன்னாடி 20 நிமிஷம் குழாயை வெளியில் ஆறவிடணும். ஃபோகஸைக் கொஞ்சம் உள்ளேயும் வெளியேயும் தள்ளினா ஒரே மையத்தில் வட்ட வட்டமா வளையம் தெரியணும். முட்டை வடிவம் வந்தா டயகனலை (ஐபீஸுக்கு முன்னாடி ஒளியைத் திருப்புற பகுதி) சுத்திப் பாருங்க. நீளற திசையும் கூடவே சுத்தினா குத்தம் டயகனலில், அதை மட்டும் மாத்திக்கலாம். சுத்தலைன்னா லென்ஸ் சாய்ஞ்சிருக்கு, திருப்பி அனுப்புங்க. முக்கோணமா வந்தா லென்ஸைப் பிடிக்கிற வளையம் இறுக்கம். கையில் அவிழ்க்காமல் அதையும் அனுப்பிடுங்க.

ஃபைண்டரைப் பகல்லயே ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரத்தில் இருக்கிற டவர் உச்சியில் வெச்சு சரி பண்ணுங்க, சூரியனுக்கு எதிர்ப்பக்கமா. 70 மடங்கில் ஒரு கிரகம் பார்வையைக் கடக்க 3 நிமிஷம்தான். கிழக்கு விளிம்பில் நிறுத்தி விட்டுட்டு, ஆடாமல் மேற்கே நகரவிட்டுப் பாருங்க, பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் போதும். நிலாவை முழு நிலாவில் பார்க்காதீங்க, நிழலே இருக்காது. எட்டாம் பிறை அன்னிக்கு ஒளி-இருள் கோட்டோரம் பள்ளங்கள் எழும்பி நிக்கும். சனி வளையம் 2025 மார்ச்சில் விளிம்பா நின்னது, இப்ப வருஷா வருஷம் விரியுது. ஏப்ரல் கடைசியில் ராத்திரி 11 மணிக்கு மேல் தெற்கே 32 டிகிரி உயரத்தில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டம் வரும். கோயம்புத்தூர் வெளிச்சம் வடகிழக்கில்தான், தெற்கு உங்களுக்கு நல்லாவே இருக்கும்.

பார்த்து முடிச்சதும் லென்ஸில் ஈரம் பூத்திருந்தா மூடி போட்டுடாதீங்க. வீட்டுக்குள் சாய்ச்சு வெச்சு, தானா காய்ஞ்ச பிறகுதான் மூடி. துடைக்கவும் கூடாது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிட்டா காத்துப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோட வைங்க. நீல மணி இளஞ்சிவப்பானா, சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறு தீயில் திரும்ப நீலமாகுற வரை வறுத்து, ஆறின பிறகு போடுங்க.