பெர்மாங்கனேட் – பெராக்சைடு சமன்பாட்டுக்கு மூன்று விடை வருகிறது. எது சரி, ஏன்?

கணக்கு அக்கா:

வணக்கம். என் தம்பி பதினோராம் வகுப்பு, தமிழ் வழி. நான் பி.எஸ்சி. கணிதம். பிளஸ் டூவோடு கெமிஸ்ட்ரியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. நேற்று ராத்திரி அவனுக்கு ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளைச் சமன் செய்யச் சொல்லிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே ஒரு கணக்கு எங்கள் இரண்டு பேரையும் பன்னிரண்டு மணி வரை உட்கார வைத்துவிட்டது.

போனில் சின்ன எண்களைக் கீழே இறக்கி அடிக்க வரவில்லை. அதனால் வாய்பாடுகளைப் பெயராகவே எழுதுகிறேன்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் + சல்பியூரிக் அமிலம் + ஹைட்ரஜன் பெராக்சைடு → பொட்டாசியம் சல்பேட் + மாங்கனீசு சல்பேட் + நீர் + ஆக்சிஜன்

இதே வரிசையில் எண்களை மட்டும் தருகிறேன்.

தம்பி போட்டது: 2, 3, 1 → 1, 2, 4, 3
நான் போட்டது: 2, 3, 3 → 1, 2, 6, 4
கைடில் இருப்பது: 2, 3, 5 → 1, 2, 8, 5

மூன்றிலும் ஒவ்வொரு அணுவையும் எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆக்சிஜன் மட்டும் சொல்கிறேன்: தம்பியுடையதில் இரு பக்கமும் 22, என்னுடையதில் 26, கைடில் 30. எல்லாமே சமன். ஆனால் வகுப்புத் தேர்வில் அவன் விடையை அடித்துவிட்டார்கள், காரணம் எழுதவில்லை. "எல்லாம் சரியாகத்தானே இருக்கு, அப்புறம் ஏன் தப்பு?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

முதுநிலை மாணவன்:

அக்கா, அணுக்கள் சமமாக இருந்தால் மட்டும் போதாது, மின்சுமையும் சமமாக வேண்டும். ஃபெரஸ் – பெர்மாங்கனேட் வினையைப் பாருங்கள் (ஃபெரஸ் என்பது +2 சுமையுள்ள இரும்பு அயனி, ஃபெரிக் +3). 1 பெர்மாங்கனேட் + 1 ஃபெரஸ் + 8 ஹைட்ரஜன் அயனி → 1 மாங்கனீசு அயனி + 1 ஃபெரிக் + 4 நீர். அணு எல்லாம் சரி, ஆனால் இடப்பக்கம் +9, வலப்பக்கம் +5. ஃபெரஸை 5 ஆக்கினால்தான் இரு பக்கமும் +17 வரும். உங்கள் சமன்பாட்டையும் அயனிகளாக எழுதிச் சுமையைக் கூட்டுங்கள், தப்பான இரண்டும் விழுந்துவிடும்.

கணக்கு அக்கா:

நன்றி தம்பி. செய்து பார்த்தேன், விழவில்லை. பொட்டாசியத்தையும் சல்பேட்டையும் விட்டுவிட்டால் மூன்றிலுமே இடப்பக்கம் 2 பெர்மாங்கனேட், 6 ஹைட்ரஜன் அயனி: −2 + 6 = +4. வலப்பக்கம் 2 மாங்கனீசு அயனி: +4. பெராக்சைடுக்கும் நீருக்கும் ஆக்சிஜனுக்கும் சுமையே இல்லையே. அவற்றின் எண் எப்படி மாறினாலும் சுமை மாறாது.

முதுநிலை மாணவன்:

ஆமாம் அக்கா, நான் சொன்னது இங்கே பொருந்தாது. ஃபெரஸ் ஞாபகத்திலேயே எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

ஓய்வுபெற்ற வேதியியல் டீச்சர்:

உன் தம்பியிடம் முதலில் ஒன்று சொல்லும்மா. அவன் எண்ணியதில் பிழையே இல்லை. அணுவும் சரி, சுமையும் சரி. பிழை எண்ணிக்கையில் இல்லை, வேதியியலில் இருக்கிறது. முப்பது வருடத்தில் இந்தச் சமன்பாட்டில் இதே இடத்தில் நின்ற பிள்ளைகள் நிறையப் பேர். நின்று கேட்ட பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த ஒரு வரிக்குள் இரண்டு வினைகள் இருக்கின்றன. பெர்மாங்கனேட் பெராக்சைடை ஆக்சிஜனேற்றுவது ஒன்று. பெராக்சைடு தானாகவே சிதைவது இன்னொன்று:

2 பெராக்சைடு → 2 நீர் + 1 ஆக்சிஜன்

இந்த இரண்டாவது வினை தனியாகவே சமன்பட்டது. சமன்பட்ட ஒன்றோடு சமன்பட்ட இன்னொன்றை எத்தனை முறை கூட்டினாலும் கழித்தாலும் விடை சமனாகத்தான் இருக்கும். கைடு விடையிலிருந்து ஒரு முறை கழித்துப் பார். பெராக்சைடு 5 போய் 3, நீர் 8 போய் 6, ஆக்சிஜன் 5 போய் 4. அது நீ போட்டது. இன்னொரு முறை கழித்தால் தம்பி போட்டது. கழிக்காமல் கூட்டினால் 7, 10, 6 என்று நாலாவது விடையும் வரும், அதிலும் அணு எல்லாம் சரியாக இருக்கும்.

சரி, கழிப்பது என்றால் குடுவைக்குள் என்ன நடக்க வேண்டும்? நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து பெராக்சைடாக வேண்டும். அது அங்கே நடக்காது. தம்பி விடையை இப்படிப் பார்: 1 பெராக்சைடு போட்டு 3 ஆக்சிஜன் மூலக்கூறு எடுக்கிறான். ஒரு பெராக்சைடில் இருப்பது இரண்டே ஆக்சிஜன் அணு, அதிலிருந்து ஒரு மூலக்கூறுதான் வரும். மீதி இரண்டு மூலக்கூறுக்கான நாலு அணு எங்கிருந்து வந்தது? பெர்மாங்கனேட், அமிலம் இவற்றில் இருக்கும் −2 ஆக்சிஜன் எலக்ட்ரானை இழந்து வாயுவாகிவிட்டது என்று அந்தச் சமன்பாடு சொல்கிறது. உண்மை அது இல்லை. ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து அடையாளமிட்ட பெராக்சைடை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். வெளியேறும் வாயுவின் இரண்டு அணுவும் பெராக்சைடிலிருந்துதான் வருகின்றன, அவற்றுக்கு இடையிலான பிணைப்பு அறுபடுவதே இல்லை.

அதனால்தான் இந்த வினையை எண் போட்டு எண் போட்டுப் பார்க்கும் முறையில் செய்யவே கூடாது என்பேன். அரைவினையாக, அதாவது எலக்ட்ரானை ஏற்பது ஒன்று, இழப்பது இன்னொன்று என்று பிரித்து எழுதச் சொல்:

1 பெர்மாங்கனேட் + 8 ஹைட்ரஜன் அயனி + 5 எலக்ட்ரான் → 1 மாங்கனீசு அயனி + 4 நீர்

1 பெராக்சைடு → 1 ஆக்சிஜன் + 2 ஹைட்ரஜன் அயனி + 2 எலக்ட்ரான்

மேலே உள்ளதை 2 ஆல் பெருக்கு, கீழே உள்ளதை 5 ஆல் பெருக்கு. 10 எலக்ட்ரான் அடிபடும். 16 ஹைட்ரஜன் அயனியில் 10 போய் 6 மிஞ்சும், அதுதான் உன் 3 சல்பியூரிக் அமிலம். பெராக்சைடும் ஆக்சிஜனும் ஒரே அரைவினையில், நீர் பெர்மாங்கனேட்டின் பக்கத்தில். இப்படிப் பிரித்த உடனேயே யார் யாராக மாறுகிறார்கள் என்பது முடிவாகிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனி. பெராக்சைடில் ஆக்சிஜனின் ஆக்சிஜனேற்ற எண் −1. பழக்கத்தில் −2 போட்டுவிட்டால் அரைவினையே பிசகிவிடும்.

ஆய்வகப் பணியாளர்:

டீச்சர் சொன்னதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது மேடம். நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், இந்தத் தரம்பார்த்தலுக்கு (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்பது) ஒவ்வொரு வருடமும் கரைசல் தயார் செய்பவன்.

மருந்துக் கடை பெராக்சைடு, 20 வால்யூம் என்று போட்டிருக்கும், ஏறக்குறைய 6 சதவீதம். மோலாரிட்டியில் 1.79. அதில் 5 மி.லி. எடுத்து 250 மி.லி. ஆக்குவோம். அதிலிருந்து பிப்பெட்டில் 20 மி.லி., கூடவே 20 மி.லி. நீர்த்த சல்பியூரிக் அமிலம். பியூரெட்டில் 0.02 மோலார் பெர்மாங்கனேட். ஆக்சாலிக் அமிலத்துக்குச் செய்வது போல இதைச் சூடாக்கக் கூடாது, பெராக்சைடு சிதைந்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கூடாது, குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றிவிடும்.

இப்போது மூன்று விடைக்கும் எவ்வளவு பெர்மாங்கனேட் செலவாக வேண்டும் என்று பாருங்கள். கைடு விடைப்படி 14.3 மி.லி. நீங்கள் போட்டதுப்படி 23.8 மி.லி. தம்பி போட்டதுப்படி 71 மி.லி.க்கு மேல், எங்கள் பியூரெட் 50 மி.லி. தான். போன மாதம் பாட்டிலைப் புதிதாகத் திறந்து செய்தபோது எனக்கு வந்தது 13.9. திறந்து வைத்த பாட்டில் என்றால் இன்னும் குறையும். 23 பக்கம் ஒருநாளும் போனதில்லை.

முதல் சொட்டு விழுந்ததும் இளஞ்சிவப்பு சில நொடி அப்படியே நிற்கும், பிள்ளைகள் முடிந்துவிட்டது என்று குழாயை மூடிவிடுவார்கள். பொறுக்க வேண்டும். கொஞ்சம் மாங்கனீசு அயனி உருவானதும் அதுவே வினையை வேகப்படுத்தும், பிறகு சொட்டு விழ விழ நிறம் போகும். குடுவையைச் சுழற்றினால் பொடிப் பொடியாகக் குமிழி ஏறும், அதுதான் நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும் அந்த ஆக்சிஜன். முப்பது நொடி நிறம் நின்றால் முடிவு. கரைசல் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும்.

கணக்கு அக்கா:

டீச்சர், சார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இதைப் படித்ததும் நேற்று நான் எங்கே மாட்டினேன் என்று தெரிந்துவிட்டது. எண்களுக்கு வரிசையாக அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ என்று பெயர் வைத்துத்தான் தீர்த்தேன். தனிமம் ஐந்து, அதனால் சமன்பாடு ஐந்து. தெரியாதது ஏழு. அ = 2 என்று வைத்தால் ஆ = 3, ஈ = 1, உ = 2 வந்துவிடுகிறது. மீதி இரண்டுதான்:

ஊ = 3 + இ
2எ = 5 + இ

இங்கே இ எதுவாகவும் இருக்கலாம். 1 வைத்தது தம்பி, 3 வைத்தது நான். முழு எண் வந்தால் போதும் என்று நிறுத்திக்கொண்டோம். ஒரு சமன்பாடு குறைகிறது என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும். அது அணுவை எண்ணுவதிலிருந்து வராது, டீச்சர் சொன்ன இடத்திலிருந்து வருகிறது. ஒரு பெராக்சைடுக்கு ஒரு ஆக்சிஜன், அதாவது இ = எ. போட்டால் 2இ = 5 + இ, இ = 5. ஒரே விடை.

தம்பியிடம் காட்டினேன். நோட்டை என் கையிலிருந்து பிடுங்கி "அப்போ காரத்தில் செய்தாலும் இ = எ தானே?" என்று கேட்கிறான். சரியா டீச்சர்?

ஓய்வுபெற்ற வேதியியல் டீச்சர்:

சரிதான். பெராக்சைடு எலக்ட்ரானை இழந்து ஆக்சிஜனாகும் வரை அது மாறாது. காரத்தில் மாங்கனீசு +2 வரை இறங்காது, +4 இல் மாங்கனீசு டை ஆக்சைடாக நின்றுவிடும், பழுப்பு வீழ்படிவு. அதனால் பெர்மாங்கனேட்டுக்கு 5 எலக்ட்ரான் இல்லை, 3. முதலில் அமிலம் போலவே ஹைட்ரஜன் அயனி வைத்துச் சமன் செய்யட்டும். கடைசியில் எத்தனை ஹைட்ரஜன் அயனி மிஞ்சுகிறதோ அத்தனை ஹைட்ராக்சைடை இரு பக்கமும் கூட்டி, நீராக்கி, பொதுவான நீரை அடித்துவிடட்டும். நீ சொல்லித் தராதே, அவனே செய்யட்டும்.

கணக்கு அக்கா:

அவனே செய்தான் டீச்சர், இருபது நிமிடம் ஆனது.

2 பெர்மாங்கனேட் + 3 பெராக்சைடு → 2 மாங்கனீசு டை ஆக்சைடு + 3 ஆக்சிஜன் + 2 ஹைட்ராக்சைடு + 2 நீர்

ஆக்சிஜன் இரு பக்கமும் 14, ஹைட்ரஜன் 6, சுமை −2. 6 எலக்ட்ரான் போய் 6 வந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற வேதியியல் டீச்சர்:

முழு மதிப்பெண். அடித்த விடைத்தாளைத் தூக்கிப் போட வேண்டாம். நாளைக்கு அதையும் இந்த அரைவினைகளையும் அவன் ஆசிரியரிடம் எடுத்துப் போய், 1 போட்டால் ஏன் தப்பு என்று அவனே சொல்லிக் காட்டட்டும்.